கோட்டைச் சுவருக்கு மண் வைத்தவர்கள்

மொழிபெயர்ப்புப் பிரிவில் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களுக்கு நாலு நல்ல வார்த்தை சொல்லும்படி என்னைக் கூப்பிட்டிருந்தார்கள். சொல்லத்தான் வந்தேன். வந்த இடத்தில், உங்களில் ஒருவர் முடித்து வைத்திருந்த வேலையைக் கையில் எடுத்துப் பார்த்தேன். பழைய பத்திரம் ஒன்று. அதில் ஓரிடத்தில் மதில் என்று இருக்கிறது, ஓரிடத்தில் கொத்தளம், இன்னோரிடத்தில் அகழிக் கரை. மூன்றுக்கும் ஆங்கிலத்தில் 'ஃபோர்ட்' என்று ஒரே சொல்லைப் போட்டிருந்தார். கேட்டால், "எல்லாம் கோட்டைதானே ஐயா, இந்தக் காலத்தில் யார் கோட்டை கட்டப் போகிறார்கள்?" என்று சிரித்தார். எனக்கு உச்சந்தலை வரை சூடேறிவிட்டது. கூட்டத்தில் ஏதாவது ஏடாகூடமாகப் பேசிவிடுவேனோ என்று பயந்து காபியைக் குடித்துவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டேன். பேச வேண்டியதை எழுதி அனுப்புகிறேன். கோபம் குறைந்ததும் எழுதலாம் என்றுதான் பார்த்தேன், அது குறைகிறதாக இல்லை.

முதலில் அந்தச் சொற்களைப் பார்த்துவிடுவோம். அகழ்ந்து உண்டாக்கியதால் அகழி. இதில் யாருக்கும் சந்தேகம் வராது. இன்றைக்கு நெல் மூட்டை அடுக்குகிற இடத்தைக் கிடங்கு என்கிறோமே, பழைய நூல்களில் அதுவும் அகழிதான். மேலே நின்று அம்பு எய்ய இடம் தந்ததால் எயில் என்பார்கள். ஊரைச் சுற்றி வளைத்துக்கொண்டு நிற்பதால் புரிசை. கயிறு திரிக்கிறவரைக் கேட்டால் புரி என்றால் என்னவென்று கையாலேயே காட்டுவார். சாந்து இறுகிக் கல்லாகிப்போன மதிலுக்கு இஞ்சி என்று பெயர். அரண் என்றால் காவல். மலையும் காடும் தண்ணீரும்கூட அரண்கள்தான், அவற்றை யாரும் கொத்தனாரை வைத்துக் கட்டவில்லை. கோட்டைக்குத்தான் இரண்டு கட்சி. கோடு என்றால் வளைவு, வளைந்து சூழ்ந்தது கோட்டை என்பது ஒரு கட்சி. வடமொழியிலிருந்து வந்தது என்பது மறு கட்சி. தீர்ப்புச் சொல்ல நான் ஆளில்லை. ஆனால் நிலாவைச் சுற்றி வட்டம் தெரிந்தால் 'நிலா கோட்டை கட்டியிருக்கிறது, மழை வரும்' என்று நம் ஊர்ப்பக்கத்தில் எல்லோரும் சொல்கிறோம். அதையும் 'ஃபோர்ட்' என்று எழுதிச் சர்க்கார் புறம்போக்கில் சேர்த்துவிடுவீர்களா?

நான் எதற்குக் கத்துகிறேன் என்றால், இந்தச் சொற்களை ஒவ்வொன்றாக உதறிப் பாருங்கள். தோண்டியது இருக்கிறது. எய்தது இருக்கிறது. வளைத்ததும் இறுகியதும் காத்ததும் இருக்கின்றன. எல்லாம் வேலை, எல்லாம் மனிதர்கள் கையால் செய்தது. ராஜா எங்கே இருக்கிறார்? கோட்டை என்றால் ராஜா கட்டியது, ராஜா போனபின் அது சர்க்காரைச் சேர்ந்தது என்கிற எண்ணம் சொல்லுக்குள் இல்லை. அது நம் ஆபீசுகளில் முளைத்த எண்ணம். அந்த எண்ணத்தால் ஒரு நெசவாளப் பெண்ணின் தறி தெருவுக்கு வர இருந்தது.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் நடுவில் நடந்தது இது. அப்போது நான் டிவிஷன் ஆபீசில் மொழிபெயர்ப்பாளராக இருந்தேன். டிவிஷன் அதிகாரி வெள்ளைக்காரர், வயதில் சின்னவர். துரை என்றே எல்லோரும் சொல்வோம். துரை முகாம் போனால் நானும் போக வேண்டும். மனுதாரர் சொல்வதை அவருக்கு ஆங்கிலத்தில் சொல்ல வேண்டும், அவர் கேட்பதை மனுதாரருக்குத் தமிழில் சொல்ல வேண்டும். சொந்தமாக ஒரு வார்த்தை சேர்க்கக் கூடாது. எனக்கு மேலே ஹெட் கிளார்க். நன்றாகப் படித்தவர், மடிப்புக் கலையாத வேட்டி. அவருக்கு ஒரு கொள்கை உண்டு. துரைக்குக் குழப்பம் வரக் கூடாது, ஆகவே ஒரே சாதிச் சாமானுக்கு ஒரே ஆங்கிலச் சொல்தான். மதில், கொத்தளம், கோட்டைமேடு, மண்கோட்டை எல்லாம் ஃபோர்ட். உங்களில் ஒருவர் சிரித்துக்கொண்டு சொன்னதை அவர் சிரிக்காமல் சொன்னார், அவ்வளவுதான் வித்தியாசம்.

இந்தத் தப்பு எப்படி வேரூன்றியது என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். நில அளவைக்காரர்கள் ஊர் ஊராகச் சங்கிலி பிடித்துக்கொண்டு போனபோது, ஊரைச் சுற்றிய சுவரைக் காட்டி இது என்ன என்று கேட்டிருக்கிறார்கள். ஊரார் கோட்டை என்றார்கள். சரி என்று எழுதிக்கொண்டு அடுத்த கல்லுக்குப் போய்விட்டார்கள். யார் எழுப்பியது, யார் பார்த்துக்கொள்கிறார்கள் என்று ஒருவராவது கேட்டிருக்க வேண்டாமா? கேட்கவில்லை. ஆபீசுக்கு வந்ததும் கோட்டை ஃபோர்ட் ஆயிற்று, ஃபோர்ட் ஆனதும் சர்க்கார் புறம்போக்கு ஆயிற்று. அதை அண்டிக் குடியிருந்தவர்கள், தங்களுக்கே தெரியாமல், ஆக்கிரமிப்பாளர்கள் ஆனார்கள்.

ராசிபுரத்துக்கும் நாமக்கல்லுக்கும் நடுவே ஓர் ஊர். பெயர் வேண்டாம். ஊரைச் சுற்றி மண்கோட்டை இருந்தது. மைசூர்க் குதிரைப்படை வந்து போய்க்கொண்டிருந்த காலத்தில், ஊரார் தாங்களே மண் சுமந்து எழுப்பியது என்று சொல்வார்கள். மற்றப் பக்கங்களில் கரைந்துபோய் அந்த இடத்தில் கிளுவை வேலி வந்துவிட்டது. தெற்குப் பக்கம் மட்டும் ஆள் உயரத்துக்கு மேல் நின்றது. அங்கே வரிசையாக நெசவாளர் வீடுகள். கோட்டைச் சுவர்தான் அவர்களுக்கு வீட்டின் பின்சுவர். அதை ஒட்டித் தறிக்குழி, அதன்மேல் சாய்த்த கூரை.

அந்தப் பக்கத்துக்குப் பஸ் வந்த புதிது. பஸ் முதலாளி ஒருவருக்கு வண்டி நிறுத்தக் கொட்டகை போட இடம் தேவைப்பட்டது. ரோட்டை ஒட்டிய தெற்குக் கோட்டை அவர் கண்ணில் பட்டது. அதை இடித்துச் சமன் செய்து தனக்குத் தர வேண்டும் என்று சர்க்காருக்கு விண்ணப்பம் போட்டார். கோட்டைப் புறம்போக்கு, ஊரில் யாருக்கும் ஆட்சேபம் இல்லை என்று ஊர் மணியகாரர் சிபாரிசு எழுதி அனுப்பினார். ஊரைக் காக்க வேண்டிய மனிதர். வேலியே பயிரை மேய்ந்தது.

ஆட்சேபம் இல்லை என்பது பச்சைப் பொய். மாராயி என்ற பெண் தொண்டை கட்டும்வரை ஆட்சேபம் சொல்லிக்கொண்டுதான் இருந்தார். ஆபீஸ் காகிதங்களில் அவரை 'அவள்' என்றே எழுதியிருந்தார்கள், நான் அப்படி எழுதப் போவதில்லை. புருஷன் போனபின் இரண்டு தறியை வைத்துக்கொண்டு மாமியாரையும் பெண் குழந்தைகளையும் காப்பாற்றியவர். பின்சுவர் போனால் தறிக்குழிக்கு மேல் கூரை நிற்காது. தறி நின்றால் குடும்பத்தோடு அம்மாபேட்டைக்கோ குமாரபாளையத்துக்கோ போய் யார் வீட்டிலாவது கூலிக்கு நெய்ய வேண்டியதுதான். பொறுமைசாலி என்று நினைத்துவிடாதீர்கள். பக்கத்து வீட்டுக்காரரோடு ஒரு சாண் சுவருக்காகச் சண்டை போட்டுப் பல வருஷமாகப் பேச்சை நிறுத்தியிருந்தவர் அவர்.

மாராயி கொடுத்த ஆட்சேப மனுவை விசாரிக்க ஊருக்கு வெளியே துரை கூடாரம் போட்டார். காலையில் விசாரணை. மணியகாரர் முதலில் பேசினார்.

"ராசா காலத்துக் கோட்டைங்க அது. ராசா போயிட்டாரு, சர்க்கார் வந்திருச்சுங்க. இவங்கெல்லாம் சும்மா ஒண்டிக்கிட்டு இருக்கறவங்க. போகச் சொன்னாப் போயிருவாங்க."

துரை மாராயியிடம், அது கோட்டைதானா என்று கேட்கச் சொன்னார். கேட்டேன்.

"ஆமாங்க சாமி, கோட்டைதானுங்க. பின்னென்ன கோழிக்கூடுங்களா அது?"

முதல் பாதியை ஆங்கிலத்தில் சொன்னேன். கோழிக்கூட்டைச் சொல்லவிடாமல் ஹெட் கிளார்க் கண்ணாலேயே தடுத்துவிட்டார். ஃபோர்ட் என்பதை மனுதாரரே ஒப்புக்கொள்கிறார் என்று துரை எழுத ஆரம்பித்தார். அந்த வரி முடிந்துவிட்டால் விசாரணையும் முடிந்தது. மாராயிக்கு ஆங்கிலம் தெரியாது. கேட்டதற்கு உண்மையான பதிலைச் சொல்லிவிட்டோம் என்ற நிம்மதியோடு நின்றுகொண்டிருந்தார். தன் வாயாலேயே தன் வீட்டை எழுதிக் கொடுத்துவிட்டோம் என்பது அவருக்குத் தெரியாது, எனக்குத் தெரியும்.

அப்போது எனக்குத் தர்மம் நியாயம் எல்லாம் நினைவுக்கு வரவில்லை. வந்தது வயிற்றெரிச்சல்தான். நான் ஆங்கிலத்தில் சொன்னது பிழையில்லை, அந்த அம்மாள் தமிழில் சொன்னதும் பிழையில்லை, ஆனால் இரண்டுக்கும் நடுவில் ஒரு குடும்பம் விழுந்து நசுங்குகிறது. துரையிடம் சொன்னேன். கோட்டை என்றால் ஊரைச் சூழ்ந்த சுவர் என்றுதான் பொருள், அது யாருடையது என்பது அந்தச் சொல்லில் இல்லை, மனுதாரரிடம் ஒரே ஒரு கேள்வி கேட்க அனுமதி வேண்டும் என்றேன்.

ஹெட் கிளார்க் முகம் கறுத்துவிட்டது. "ஓய், உமக்கு எதுக்கு இந்த வம்பு? கேட்டதைச் சொல்லும், போதும்," என்று பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னார். எனக்கு மூன்று பிள்ளைகள். வேலை போனால் என்ன ஆகும் என்று அப்போதும் தெரிந்துதான் இருந்தது. துரை பேனாவைக் கீழே வைத்துவிட்டுக் கேட்கச் சொன்னார்.

"ஏனுங்கம்மா, இந்தச் செவுத்துக்கு மண்ணு வெக்கறது யாருங்க?" என்று கேட்டேன்.

"இதென்னங்க கேள்வி? அவங்கவங்க ஊட்டுக்குப் பொறத்தால அவங்கவங்கதானுங்க. பொரட்டாசில மழ எறங்கறதுக்கு முன்னால வெச்சுப் போடோணும். எங்க மாமனாரு வெச்சாரு, அப்பறம் எங்கூட்டுக்காரரு வெச்சாரு, இப்ப நான் வெக்கிறனுங்க. அண்ணந்தம்பி பாகம் பிரிச்சாங்கன்னா ஊட்டோட சேத்துக் கோட்டையுந்தானுங்க பிரியும். வெளியூர்க்காரங்க யாராச்சும் குடியிருக்க வந்தாலும் மொதல்ல ஒரு மழைக்கு மண்ணு வெச்சுக் காட்டோணும். கோட்டை போடாதவங்களுக்கு உள்ள அடுப்பு இல்லீங்க, சாமி."

ஒரு சொல் விடாமல் ஆங்கிலத்தில் சொன்னேன். 'கோட்டை போடாதவங்களுக்கு உள்ள அடுப்பு இல்லை' என்பதை இரண்டு முறை சொல்லச் சொன்னார் துரை. மணியகாரர் குறுக்கிட்டு இதெல்லாம் பொம்பளைப் பேச்சு என்றார். மறுநாள் காலை தானே நேரில் வந்து பார்ப்பதாகச் சொல்லித் துரை எழுந்துவிட்டார். அன்று ஹெட் கிளார்க் என்னோடு சாப்பிட உட்காரவில்லை. எனக்கும் சோறு இறங்கவில்லை என்பது வேறு விஷயம்.

காலையில் போய்ப் பார்த்தால், மாராயி வீட்டுக்குப் பின்னால் சுவர் இல்லை. மற்ற வீட்டுச் சுவர்கள் எல்லாம் அப்படியே நிற்க, அவர் பங்கு மட்டும் இடிந்து குவிந்து கிடந்தது. திறந்துகிடந்த இடத்தின் வழியாகத் தறியும் அதில் ஓடிக்கொண்டிருந்த பாவு நூலும் ரோட்டிலிருந்தே தெரிந்தன. பாவின்மேல் முழுக்க மண்.

"மழைக்கு ஊறி உளுந்திருச்சுங்க," என்றார் மணியகாரர், கூசாமல்.

தன் கூடாரம் நனையவில்லையே என்று துரை கேட்டார். அதை நான் தமிழில் சொன்னபோது என் குரல் கொஞ்சம் உயர்ந்துவிட்டது. அதற்காக நான் வருத்தப்படவில்லை. இவ்வளவு துணிச்சல் எங்கிருந்து வருகிறது என்று எண்ணிப் பாருங்கள். காகிதத்தில் அது ஃபோர்ட். ஃபோர்ட்டை இடித்தால் சர்க்கார்தான் கேட்க வேண்டும், மாராயி கேட்க முடியாது. அந்த ஒற்றைச் சொல்தான் கடப்பாரைக்குத் தைரியம் கொடுத்தது.

மாராயி அங்கேதான் இருந்தார். முழங்கால் வரை சேற்றில் நின்று வைக்கோலும் மண்ணும் மிதித்துக்கொண்டிருந்தார். விழுந்த சுவரின் அடிவரிசையை ஏற்கெனவே வைக்கத் தொடங்கியிருந்தார். அழுது முடித்துவிட்டாரா, அழவே இல்லையா என்று முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியவில்லை.

"ஏ மாராயி, தொரை வந்திருக்காங்க. கைய காலைக் கழுவிட்டு வா இப்படி," என்று மணியகாரர் அதட்டினார்.

"மண்ணு காஞ்சு போயிருமுங்க. தொரைய செத்த நேரம் இருக்கச் சொல்லுங்க," என்றார் அவர், நிமிராமலே.

ஹெட் கிளார்க் என் கையைப் பிடித்தார். அதைச் சொல்லிவிடாதே என்று அர்த்தம். நான் அப்படியே சொன்னேன். மண் காய்ந்துவிடும், தங்களைச் சற்றுக் காத்திருக்கச் சொல்கிறார் என்று. துரை வெயிலில் நின்றார்.

நின்ற நேரத்தில் அவர் சுவரைப் பார்த்தார். எல்லோரும் பார்க்கக் கூடியதுதான், யாரும் பார்க்காததுதான். ஒரு வீட்டுப் பங்கு செம்மண்ணில் இருந்தது. அடுத்தது ஏரி வண்டலான கரம்பை, கறுப்பு. அதற்கடுத்தது சுண்ணாம்பு கலந்த வெள்ளை மண். எந்த வீட்டுக்கு எந்த இடத்தில் மண் எடுக்கத் தோதோ அந்த நிறம். பங்குக்கும் பங்குக்கும் நடுவில் தலைமுறை தலைமுறையாகத் தடித்துப்போன ஒரு விளிம்பு, மேலிருந்து கீழ்வரை. மாராயி சண்டை பிடித்த அந்த ஒரு சாண்கூடத் தனியாகத் தெரிந்தது. அந்தப் பக்கத்து வீட்டுக்காரரே முன்வந்து, "இதுவரைக்கும் அவங்களுதுங்க, இதுக்கு மேல எங்களுது. அந்த ஒரு சாணு மட்டும் வளக்குல இருக்குதுங்க," என்றார். சண்டைக்காரரே சாட்சி சொல்லிவிட்டார்.

அங்கேயே பஸ் முதலாளியின் விண்ணப்பத்தைத் துரை தள்ளுபடி செய்தார். ஊரார் கும்பிட்டார்கள். நான் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். ஜெயித்துவிட்டோம் என்று எண்ணி மனக்கோட்டை கட்டிக்கொண்டே ஊர் திரும்பினேன்.

உத்தரவு நகல் என் மேஜைக்கு வந்தபோதுதான் தெரிந்தது. எழுதியவர் ஹெட் கிளார்க், கையெழுத்து துரையுடையது. சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க வேண்டுமே. பஸ் முதலாளிக்கு இடம் இல்லை என்று சரியாகத்தான் இருந்தது. அதற்குக் கீழே, சர்க்காருக்குச் சொந்தமான ஃபோர்ட் புறம்போக்கில், சர்க்கார் விரும்புகிற காலம்வரை, நெசவாளர்கள் குடியிருக்கக் கருணை கூர்ந்து அனுமதிக்கப்படுகிறது என்று இருந்தது. எனக்கு ரத்தம் கொதித்தது. காகிதத்தை எடுத்துக்கொண்டு போய், நேரில் பார்த்தபின்னும் இதை எப்படி எழுதினீர்கள் என்று ஹெட் கிளார்க்கிடம் கேட்டேன்.

"வீடு நின்னுதா இல்லையா? அப்புறம் ஏன்யா குதிக்கிறீர்?" என்றார் அவர்.

துரையிடமும் போனேன். பதிவில் ஃபோர்ட் என்று இருப்பதை மாற்றத் தனக்கு அதிகாரம் இல்லை என்றார். நல்ல மனிதர்தான். ஆனால் நல்ல மனிதர் போட்ட கையெழுத்தும் கையெழுத்துதானே. இன்று விரும்புகிற சர்க்கார் நாளை விரும்பாவிட்டால் மாராயியின் பேரப்பிள்ளைகள் எங்கே போவார்கள்? அவர்கள் வீட்டுச் சுவரை அவர்களுக்கே பிச்சை போடுகிற மாதிரி ஒரு வாக்கியத்தை எழுத ஒருவருக்கு எப்படிக் கை வந்தது என்று இன்றுவரை எனக்குப் புரியவில்லை. உங்களில் யாராவது அப்படி ஒரு வாக்கியத்தை மொழிபெயர்க்க நேர்ந்தால், தயவுசெய்து முதலில் கோபப்படுங்கள். அகராதியை அப்புறம் எடுக்கலாம்.

உத்தரவை ஊரில் படித்துக் காட்டும் வேலை எனக்கே வந்தது. தெற்குப் பக்கத்து வீட்டுக்காரர்கள் எல்லோரும் கூடியிருந்தார்கள். மாராயி முன்னால் நின்றார். புதிதாக வைத்த சுவர் அவருக்குப் பின்னால் இன்னும் ஈரமாக இருந்தது. ஒவ்வொரு வரியாகத் தமிழில் சொன்னேன். எதையும் பூசி மெழுகவில்லை. கோட்டை சர்க்காருக்குச் சொந்தம் என்ற இடம் வந்ததும் அவர் கையைக் காட்டி நிறுத்தினார்.

"இருங்க. கோட்டை சர்க்காருதுங்களா?"

"அப்படித்தானுங்க எழுதியிருக்குது," என்றேன்.

அவர் திரும்பி ஈரச் சுவரைப் பார்த்தார்.

"சரிங்க. அப்ப வார பொரட்டாசிக்கு மண்ணு வெக்க சர்க்கார்லருந்து எத்தனை பேரு வாராங்கன்னு கேட்டுச் சொல்லுங்க, சாமி. நான் தண்ணி எடுத்து வெக்கிறேன்."

யாரும் சிரிக்கவில்லை. அவர் அதைக் கேலியாகச் சொன்னதாகவும் எனக்குத் தோன்றவில்லை. ஆபீசுக்குத் திரும்பியதும் அதை ஒரு சொல் விடாமல், தண்ணீர் எடுத்து வைப்பது உட்பட, ஆங்கிலத்தில் எழுதி, கீழே என் கையெழுத்தைப் போட்டு மேலே அனுப்பினேன். அந்தத் துரை மாற்றலாகிப் போனார், அடுத்தவர் வந்தார், அவரும் போனார், கடைசியில் வெள்ளைக்காரர்களே போய்விட்டார்கள். புதுச் சர்க்காருக்கும் அதை ஒரு முறை அனுப்பிப் பார்த்தேன். அந்தக் கேள்விக்கு இன்னும் பதில் வரவில்லை. மண் மட்டும் வருஷா வருஷம் அவர்கள்தான் வைத்துக்கொண்டிருக்கிறார்கள்.